வாஸ்டேல் ஹெட்: ஓர் ஆங்கிலேயக் குக்கிராமத்தின் நிலத்தையும் வரலாற்றையும் படிக்கத் தொடங்குவோருக்கு

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியா மலைகளுக்குள், ஒரு தார்ச்சாலை ஏரிக்கரையை ஒட்டியே போய் ஒரு விடுதி வாசலில் முடிகிறது. அதற்கப்பால் நடைபாதைதான். அந்த இடத்தின் பெயர் வாஸ்டேல் ஹெட். சில பண்ணை வீடுகள், ஒரு விடுதி, யூ மரங்களுக்குள் ஒளிந்த தாழ்ந்த கூரைத் தேவாலயம், எங்கு பார்த்தாலும் கல்சுவர். ஊர் அவ்வளவுதான்.

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்களில் பலர் இந்த ஊருக்கு ஒருமுறையாவது வந்திருப்பார்கள். ஸ்காஃபெல் பைக் சிகரம் ஏறுவதற்காக வண்டியை இங்கே நிறுத்தி, மலை ஏறி இறங்கி, களைப்போடு திரும்பியிருப்பார்கள். ஊர் கண்ணில் பட்டிருக்காது. இப்படியொரு சிற்றூரை எங்கே தொடங்கி, எந்த வரிசையில் படிப்பது என்று அவர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஆவணங்களில் வாஸ்டேல் ஹெட்டைப் பற்றி இருப்பது கொஞ்சம், தரையில் எழுதியிருப்பது ஏராளம். அதனால் முதலில் தரை, பிறகு ஏடு என்ற வரிசையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தோடு ஒரு மாலை

கிளம்புவதற்கு முன், பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தை மேசையில் விரித்து வையுங்கள். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். கைப்பேசியில் பார்ப்பதைவிடத் தாள் வரைபடம் நல்லது, முழுப் பள்ளத்தாக்கும் ஒரே பார்வையில் கிடைக்கும். அங்கே போனபின் கைப்பேசிச் சமிக்ஞையை நம்பவும் முடியாது.

முதலில் தண்ணீரைத் தேடுங்கள். வாஸ்ட் வாட்டர் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமும் அரை மைல் அகலமும் உள்ள ஏரி. ஆழம் 79 மீட்டர். இங்கிலாந்தில் இதைவிட ஆழமான ஏரி இல்லை. நீர்மட்டம் கடலிலிருந்து 60 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. கழித்துப் பார்த்தால் ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் கீழே கிடப்பது புரியும். ஓடும் ஆறு இப்படிக் குடையாது. பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு நகர்ந்த பனியாறு தோண்டிய பள்ளம் இது.

அடுத்து சமவுயரக் கோடுகளைப் பாருங்கள். ஏரியின் தென்கிழக்குக் கரையில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கறையாகத் தெரியும். அதுதான் 'ஸ்கிரீஸ்': இல்கில் ஹெட் முகட்டிலிருந்து 500 மீட்டருக்கு மேல் சரிந்து, நேரே தண்ணீருக்குள் இறங்கும் உடைகல் சரிவு. மலை இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஏரியின் தலைமாட்டில் கோடுகள் திடீரென விலகி, உள்ளங்கை அளவுக்கு ஒரு வெற்றிடம் தெரியும். லிங்மெல் பெக், மோஸ்டேல் பெக் என்ற இரண்டு ஓடைகள் கல்லும் மண்ணும் கொண்டுவந்து நிரப்பிய சமதளம் அது. ஊர் அங்கே இருக்கிறது. சுற்றிலும் கிரேட் கேபிள் 899 மீட்டர், கர்க் ஃபெல் 802 மீட்டர், தென்கிழக்கே இங்கிலாந்தின் மிக உயர்ந்த ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர். ஏறக்குறைய 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைப் பாறைகள் இவை. கடினமான பாறை, மெல்லிய மண். இங்கே கோதுமை விளைவிக்க முடியாது, மாடும் ஆடும்தான் வளர்க்க முடியும் என்பதை வரைபடமே சொல்லிவிடும்.

மழையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டை ஹெட் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் சீத்வெயிட்தான் இங்கிலாந்தில் மக்கள் வாழும் ஊர்களிலேயே அதிக மழை பெறுவது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். மேற்கே கடல், கிழக்கே மலை, நடுவில் நிற்கும் உங்களுக்கும் அந்த மழையில் பங்குண்டு.

பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்

அதே வரைபடத்தில், ஊரைச் சுற்றியுள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். 'பெக்' என்றால் ஓடை. 'ஃபெல்' என்றால் மலை. 'டார்ன்' சிறு மலையேரி, 'த்வெயிட்' காடழித்துத் திருத்திய நிலம், 'கில்' ஒடுங்கிய ஓடைப்பள்ளம். எல்லாமே வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழிச் சொற்கள். வாஸ்டேல் என்பதும் அப்படித்தான்: 'வத்ன்' என்றால் நீர், 'டால்' என்றால் பள்ளத்தாக்கு. நீர்ப்பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தவர்கள் 10ஆம் நூற்றாண்டை ஒட்டி அயர்லாந்து, மான் தீவு வழியாக இந்தக் கரைக்கு வந்து குடியேறிய நார்ஸ் மக்களின் வழியினர்.

அதற்கும் முன்பு இங்கே பேசியது வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய ஒரு மொழி. கம்ப்ரியா என்ற பெயரும், வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் 'கம்ரி' என்ற பெயரும் ஒரே வேரில் பிறந்தவை. இந்த மலைகளில் மேய்ப்பர்கள் ஆடு எண்ணிய முறையும் அந்தப் பக்கமே கைகாட்டுகிறது: யான், டயான், டெதெரா, மெதெரா, பிம்ப். வேல்ஸ் மொழியில் ஐந்துக்கு இன்றும் 'பிம்ப்' என்றுதான் ஒலிப்பு. இந்த எண்கள் அந்தப் பழைய மொழியிலிருந்து நேராக வந்தவையா, பின்னால் வேறு வழியில் வந்து சேர்ந்தவையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எந்த வழியாக வந்திருந்தாலும், இரண்டு மொழிகளின் அடுக்கை ஒரு குக்கிராமத்தில் கேட்க முடிவது எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

போய்ச் சேரும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது சுவர்கள்

விடுதிக்குப் பின்னால் மோஸ்டேல் பெக்கின் மேல் ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது. ஒற்றை வளைவு, ஒரு குதிரை போகும் அகலம். பொதிக்குதிரைகள் போன பாலம் அது. சாலை முடியும் ஊர் என்று நாம் இன்று நினைப்பது கார்களின் கணக்கு. குதிரைகளின் காலத்தில் இது வழிகள் கூடும் இடம்: ஸ்டை ஹெட் வழியாக பாரோடேலுக்கு, பிளாக் செயில் வழியாக என்னர்டேலுக்கு, பர்ன்மூர் வழியாக எஸ்க்டேலுக்கு. பாலத்தைக் கடந்து சரிவில் கொஞ்சம் ஏறித் திரும்பிப் பாருங்கள்.

கீழே சமதளம் முழுக்கச் சுவர்கள் வலை போலப் பின்னிக் கிடக்கும். சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கியவை. வயல்களுக்கு ஒரு வடிவமில்லை. ஒன்று வட்டம், ஒன்று கோணல், ஒன்று நாக்கு போல நீளம். சில இடங்களில் சுவர் தேவைக்கு மேல் பல மடங்கு தடித்திருக்கும், சில வயல்களின் நடுவே கற்குவியல் நிற்கும். எதையும் அடைத்துக் காப்பதற்காக அவ்வளவு பருமன் வைக்கவில்லை. ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய கல்லைப் பொறுக்கினால்தான் புல் முளைக்கும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? சுவரில் போட்டார்கள். சுவர் நிறைந்ததும் குவித்தார்கள். ஒவ்வொரு தலைமுறையின் முதுகுவலியும் அந்தப் பருமனில் இருக்கிறது.

ஒரு எளிய விதி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு அருகே வளைந்து நெளிந்த சுவர்கள் பொதுவாகப் பழையவை, இடைக்காலத்தில் வேர்விட்டவை. மேலே சரிவில் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் நேராக ஏறும் சுவர்கள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுமேய்ச்சல் நிலத்தைப் பங்கிட்டு அடைத்தபோது எழுந்தவை. விதிக்கு விலக்குகள் உண்டு. ஆனால் முதல் நாளில் கண்ணைப் பழக்க இது போதும். சுவரில் ஏறாதீர்கள், ஒரு கல் நழுவினால் பத்தடி சரியும், அதை எடுத்து அடுக்குவது அந்தப் பண்ணைக்காரரின் ஒரு நாள் வேலை.

சுவருக்கு மேலே ஆடுகள்

கடைசிச் சுவருக்கு மேல் வேலியே இல்லை. அங்கே மேய்பவை ஹெர்ட்விக் செம்மறிகள். குட்டி பிறக்கும்போது கறுப்பு, வளர வளரப் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறமாகும். முகம் மட்டும் வெண்மை. வேலியில்லா மலையில் இவை சிதறிப் போகாமல் இருக்கக் காரணம் 'ஹீஃப்' என்ற வழக்கம். தன் மந்தைக்குரிய மலைப்பகுதி எது என்பதைத் தாயாடு குட்டிக்குப் பழக்கிவிடுகிறது. அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குப் பழக்குகிறது. அதனால் பண்ணை கைமாறினாலும் மந்தை பண்ணையோடேயே போகும் வழக்கம் உண்டு. ஆடுகளைப் பிரித்து எடுத்தால் மலையைப் பற்றிய அறிவும் போய்விடும். 2001இல் கோமாரி நோய் கம்ப்ரியாவில் பரவியபோது மக்கள் அப்படி அஞ்சியது இதனால்தான். புது ஆடுகளை வாங்கிவிடலாம், மலையை அறிந்த ஆடுகளை வாங்க முடியாது.

ஆட்டின் முதுகில் சிவப்பு, நீலச் சாயக் குறி தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஸ்மிட்' எனப்படும் அந்தக் குறியும் காதில் போடும் வெட்டும் சேர்ந்து எந்தப் பண்ணையின் ஆடு என்று சொல்லும். இந்தக் குறிகளைத் தொகுத்த மேய்ப்பர் கையேடுகள் 1817 முதல் அச்சில் வந்திருக்கின்றன. ஒரு ஊரின் பண்ணைகளை அறிய இதைவிட நல்ல ஆவணம் குறைவு. இதைப் பெரும்பாலான வரலாற்று வழிகாட்டிகள் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

தேவாலயமும் பிணவழியும்

செயின்ட் ஓலாஃப் தேவாலயம் இங்கிலாந்தின் மிகச் சிறிய தேவாலயங்களில் ஒன்று. உள்ளே போகும்போது குனிய வேண்டியிருக்கும். இங்கேதான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். ஓலாஃப் 11ஆம் நூற்றாண்டில் இறந்த நார்வே மன்னர். கூரை விட்டங்கள் வைக்கிங் கப்பல்களிலிருந்து வந்தவை என்று ஊர் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து, வைக்கிங்குகள் கட்டிய தேவாலயம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஓலாஃப் பெயர் இந்தத் தேவாலயத்துக்கு வந்தது 1977இல்தான். விட்டங்களின் கதைக்கு ஆதாரம் இல்லை. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் இரண்டு பத்தி வையுங்கள்: ஒன்றில் 'ஊர் சொல்வது', மற்றொன்றில் 'ஆவணம் சொல்வது'. கதையைத் தூக்கி எறிய வேண்டாம். அது எந்தப் பத்தியில் இருக்கிறது என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

இன்னொரு பயனுள்ள கேள்வி: தேவாலயம் இருந்தும் இது ஏன் குக்கிராமம்? பங்கு என்பது ஒரு தலைமைத் தேவாலயத்தின் பொறுப்பில் இருக்கும் வட்டாரம். ஆங்கிலேய வழக்கில் பங்குத் தேவாலயம் உள்ளது கிராமம், இல்லாதது குக்கிராமம். வாஸ்டேல் ஹெட்டில் இருந்தது துணைத் தேவாலயம்தான். தாய்ப்பங்கு கடற்கரையில் இருக்கும் செயின்ட் பீஸ். பல நூற்றாண்டுகள் இங்கே தொழலாம், புதைக்க முடியாது. ஊரில் ஒருவர் இறந்தால் உடலைக் குதிரைமேல் கட்டி, பர்ன்மூர் வழியே மலை தாண்டி, எஸ்க்டேலில் பூட் ஊருக்கருகே எஸ்க் ஆற்றங்கரையில் நிற்கும் செயின்ட் கேத்ரின் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். பிணத்தோடு மூடுபனிக்குள் ஓடிய குதிரை இன்னும் அலைகிறது என்பது 'ஊர் சொல்வது' பத்திக்குரிய கதை. அந்தப் பாதை இன்றும் பொதுவழி, 8, 9 கிலோமீட்டர் இருக்கும். வானிலை நன்றாக இருந்தால் நடந்து பாருங்கள். ஜனவரியில் இந்த வழியே பிணத்தோடு போனவர்களை நினைத்துக்கொண்டு நடந்தால் ஊரின் அளவும் தனிமையும் உடம்பில் ஏறும்.

இங்கேயே புதைக்கும் உரிமை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. 1903இல் ஸ்காஃபெல் பாறையில் விழுந்து இறந்த நான்கு மலையேறிகளில் மூவர் இந்த மண்ணில் கிடக்கிறார்கள். சன்னல் கண்ணாடியில் ஒரு சிறு பாறை ஊசியின் உருவமும், கண்களை மலைகள்மேல் உயர்த்துவேன் என்ற 121ஆம் சங்கீத வரியும் கீறப்பட்டிருக்கும். அந்த ஊசி எது என்பதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது ஏடுகளுக்கு

இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசு 1086இல் எடுத்த நிலக்கணக்கான டூம்ஸ்டே ஏட்டில் தேடி நேரம் போக்காதீர்கள். கம்பர்லாந்தின் பெரும்பகுதி அதில் இல்லை. நார்மன் அரசு கார்லைலைக் கைப்பற்றியதே 1092இல்தான்.

தேடும்போது மாவட்டப் பெயரைக் கவனியுங்கள். 1974 வரை கம்பர்லாந்து, பிறகு கம்ப்ரியா, 2023 ஏப்ரல் 1 முதல் நிர்வாகம் மீண்டும் கம்பர்லாந்து. இரண்டு பெயரிலும் தேட வேண்டும். பிறப்பு, திருமணப் பதிவுகளுக்குச் செயின்ட் பீஸ் பங்கின் ஏடுகளையும் புரட்ட மறக்காதீர்கள். ஊர்ப்பெயரில் மட்டும் தேடியவர்கள் ஒன்றுமில்லை என்று திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு வீட்டாரையும் பெயரோடு காட்டுவது 1841 முதல். அந்த ஆண்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், ஆகவே அதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள். 1851 முதல் சரியான வயதும், பிறந்த ஊரும், குடும்ப உறவும் கிடைக்கும். ஏடுகள் 100 ஆண்டு மூடியிருக்கும் என்பதால் 1921தான் கடைசியாகத் திறந்தது. 1931இன் ஏடுகள் 1942இல் தீயில் போயின. 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. எனவே அடுத்தது 1951, அதற்கு 2052 வரை காத்திருக்க வேண்டும்.

பழைய வரைபடங்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளம் போங்கள். இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடங்களும் அங்கே இலவசம். 19ஆம் நூற்றாண்டு ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, எந்தச் சுவர் காணாமல் போயிருக்கிறது, எந்த வீடு புதிது என்று குறியுங்கள். நிலவுடைமையைத் தேடினால் பெர்சி குடும்பத்தில் தொடங்கி லெகன்ஃபீல்டு பிரபுக்கள் வரை வருவீர்கள். 1919இல் ஸ்காஃபெல் பைக் உச்சியை முதல் உலகப்போரில் இறந்த ஏரி மாவட்டத்தாரின் (இந்த மலைப்பகுதியின் பெயர் அது) நினைவாக, நிலங்களையும் பழைய இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குக் கொடுத்தவர் ஒரு லெகன்ஃபீல்டு பிரபுதான். ஸ்காஃபெல் பைக் ஏறும் கூட்டத்தில் ஒரு போர் நினைவிடத்தின்மேல் நிற்கிறோம் என்று அறிந்தவர் மிகக் குறைவு.

விடுதியில் ஒரு தேநீர்

விடுதியை 19ஆம் நூற்றாண்டில் நடத்தியவர் வில் ரிட்சன் (1808–1890). பொய்க்கதை சொல்வதில் பேர்போனவர். இங்கே விளையும் டர்னிப் கிழங்கு எவ்வளவு பெரியதென்றால், ஊரார் அதைக் குடைந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்வார்களாம், பிறகு அந்தப் பொந்தில் ஆடுகள் ஒதுங்குமாம். அவர் நினைவாகப் பக்கத்து ஊர் சான்டன் பிரிட்ஜில் உலகப் பெரும்பொய்யர் போட்டி நடக்கிறது. அரசியல்வாதிகளுக்கும் வக்கீல்களுக்கும் அனுமதியில்லை.

அந்த விடுதிக்கு 1881இல் வந்த மாணவர் வால்டர் பாரி ஹாஸ்கெட் ஸ்மித். 1886இல் கிரேட் கேபிளின் சரிவில் தனித்து நிற்கும் நேப்ஸ் நீடில் என்ற பாறை ஊசியின் உச்சிக்குக் கயிறும் துணையும் இல்லாமல் ஏறி, அடையாளமாகக் கைக்குட்டையை விட்டுவிட்டு இறங்கினார். பிரிட்டனில் பாறையேற்றம் ஒரு விளையாட்டானது அங்கிருந்து என்பார்கள். சன்னலில் பார்த்த ஊசி இதுதான். 50 ஆண்டு கழித்து, 76 வயதில், அதே ஊசியில் மறுபடி ஏறினார். இதே ஊரில் 1936இல் பிறந்த மேய்ப்பர் ஜாஸ் நெய்லர் 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களை ஓடித் தொட்டார். ஆடு மேய்த்த கால்கள் அவை.

போய்வரும் முறை

பொதுப் பேருந்தை நம்ப முடியாது. கடற்கரை ரயில்பாதையில் சீஸ்கேல் அல்லது டிரிக் நிலையத்தில் இறங்கினாலும் அங்கிருந்து வாடகைக் கார்தான். சாலை ஒடுங்கியது, எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமுள்ள பக்கம் பின்னால் போங்கள். டிசம்பரில் நான்கு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். கோடை வார இறுதியில், 24 மணி நேரத்தில் மூன்று நாட்டுச் சிகரங்களைத் தொட வரும் கூட்டம் நள்ளிரவிலும் வந்திறங்கும். கதவுகளை மெதுவாக மூடச் சொல்லி ஊரார் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலிக்கதவு இருந்த நிலையிலேயே விடுங்கள்: திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே. ஈனும் பருவத்தில் ஆடுகளுக்கு அருகே போகாதீர்கள். மலையில் ஆபத்து என்றால் 999, முதலில் காவல்துறை, பிறகு மலைமீட்புக் குழு என்று கேளுங்கள். வருபவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள்.

திரும்பும் வழியில் காஸ்ஃபர்த் ஊரில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். செயின்ட் மேரி தேவாலய முற்றத்தில் 4 மீட்டருக்கு மேல் உயரமான, ஒல்லியான சிவப்பு மணற்கல் சிலுவை ஒன்று 10ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. வாஸ்டேலுக்குப் பெயர் வைத்த மக்கள் செதுக்கியது. கிழக்கு முகத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைத் தேடுங்கள். பிறகு மறுபக்கம் போய், மேற்கு முகத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள்: கட்டுண்டு கிடப்பவன் நார்ஸ் புராணத்தில் வரும் லோகி, அவன்மேல் சொட்டும் பாம்பின் நஞ்சைக் கிண்ணத்தில் ஏந்தி நிற்பவள் அவன் மனைவி சிகின். செதுக்கல் மிகவும் தேய்ந்திருக்கிறது, உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. மாலை நான்கு, ஐந்து மணிக்கு வெயில் மேற்கிலிருந்து சாய்வாக விழும்போது போனால் கிண்ணம் வரை தெரியும்.